அக்கரைக்குப் போன புத்தகம்

செட்டிநாட்டுக்குப் பாஸ்போர்ட் பிந்தித்தான் வந்தது. அது வருவதற்கு முன்பே காரைக்குடியும் தேவகோட்டையும் கண்டனூரும் ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று போய் வந்து, சம்பாதித்து, வீடும் கட்டி முடித்துவிட்டன. அந்த வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. தூண் ஒரே ஒரு முறை கப்பலேறியது. வந்து நின்றது நின்றதுதான். போவதும் வருவதுமாகவே வாழ்ந்தது வேறொன்று. தொடக்கத்தில் அது ஒரு தாளாகக்கூட இல்லை. பிறகு அனுமதிச் சீட்டானது, அட்டை போட்ட சிறு புத்தகமானது. இன்று ஆச்சிமார் கைப்பையில், பலமுறை நுழையலாம் என்ற விசா ஒட்டப்பட்டு, திருச்சி விமான நிலையத்துக்குக் காரில் போய்க்கொண்டிருக்கிறது.

புத்தகம் இல்லாத காலத்தில் பயணத்தைத் திட்டமிட்டது கடைக் கணக்கு. ‘கொண்டுவிக்கப் போவது’ என்று அதற்குப் பேர். முதலாளி ஊரில் இருப்பார். வட்டிக்கடையை நடத்த ஏஜெண்டு அக்கரைக்குப் போவார். தவணை பொதுவாக மூன்று வருஷம். சம்பளச் சீட்டு எழுதி, முதலாளி கொடுத்த பவர் பத்திரத்தை வாங்கிக்கொண்டு, நல்ல நாள் பார்த்து, பெரியவர்களிடம் பயணம் சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டியது. அங்கே மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை. மூன்று வருஷம் முடியும்போது மாற்று ஏஜெண்டு வந்து இறங்குவார். இருவரும் உட்கார்ந்து ஐந்தொகை எடுப்பார்கள், நிலுவைகளைப் பார்ப்பார்கள், சாவி கைமாறும், பழையவர் கப்பலேறுவார். ஊரில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போவார். மனைவி மக்களை அழைத்துப் போகும் வழக்கம் இல்லை. அந்தக் காலத்துக் குடும்பங்களில் அண்ணனுக்கும் தம்பிக்கும் நாலைந்து வயது இடைவெளி இருந்தால், நடுவில் அப்பச்சி ஒரு கணக்கு முடித்து வந்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

தங்குமிடத்துக்கு ஓட்டல் தேவைப்படவில்லை, கிட்டங்கி இருந்தது. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நீண்ட கூடங்களில் ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு கணக்குமேசை. பகலில் கடை, இரவில் அதே இடத்தில் படுக்கை. ரங்கூனில் முகல் தெரு, கொழும்பில் செட்டியார் தெரு, பினாங்கில் பினாங்கு ஸ்ட்ரீட். 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன என்றும், அவற்றில் புழங்கிய பணம் 75 கோடி ரூபாய் என்றும் அந்நாட்டு வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. இவ்வளவு பேர் போய் வருவதற்கும் குடிவரவு முத்திரை குத்த ஓர் அதிகாரி தேவைப்படவில்லை. பர்மா 1937 வரை இந்தியாவின் ஒரு மாகாணம். இலங்கையும் மலாயாவும் அதே கொடியின் கீழ். டிக்கெட்டு வேண்டும், அம்மைப்பால் குத்தியிருக்க வேண்டும், அவ்வளவே. சைகோனுக்கும் மேடானுக்கும் போனவர்கள்தான் முதலில் வேற்று நாட்டான் ஆனார்கள். ஒன்று பிரெஞ்சுக்காரர் ஊர், மற்றது டச்சுக்காரர் ஊர்.

பாஸ்போர்ட்டைப் பெற்றெடுத்தது முதல் உலகப் போர். ஒற்றர் பயத்தில் ஐரோப்பாவில் எல்லைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட, 1917ல் இந்திய அரசும் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாஸ்போர்ட் விதிகளைக் கொண்டுவந்தது. போர் முடிந்தால் எடுத்துவிடுவார்கள் என்று பார்த்தால் 1920ல் நிரந்தரச் சட்டமே ஆக்கிவிட்டார்கள். அன்றைய புத்தகம் எல்லா நாட்டுக்கும் செல்லாது. எந்தெந்த நாட்டுக்குப் போகலாம் என்று உள்ளே எழுதித் தரப்பட்டிருக்கும். பட்டியலில் இல்லாத நாட்டுக்குப் போக மறுபடி அலுவலகம் ஏற வேண்டும்.

வட்டிக்கடைக்காரருக்குப் பெரிதாகத் தேவைப்படாத அந்தப் புத்தகத்தை முழுசாகப் பயன்படுத்தியவர் செட்டிநாட்டிலிருந்து போன ஒரு பத்திரிகைக்காரர். ஏ.கே. செட்டியார் ரங்கூனில் ‘தனவணிகன்’ பத்திரிகையை நடத்தியவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். 1937 அக்டோபர் 2ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போதுதான் காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. துண்டு துண்டாகக் கிடந்த படச்சுருள்களைத் தேடி நாடு நாடாக அலைந்து 1940ல் படத்தை வெளியிட்டார். கடைக்காரர் ஒரே ஊருக்குப் போய் மூன்று வருஷம் உட்கார்ந்தார்; இவர் பல ஊர்களில் சில நாள் சில நாளாகத் தங்கினார். இன்றைய விசா விதிகள் எழுதப்பட்டிருப்பது இந்த இரண்டாவது வகைப் பயணிக்குத்தான்.

1937ல் பர்மா தனியாகப் பிரிந்தது. 1941 ஜூலையில் இந்திய அரசும் பர்மா அரசும் ஒரு குடியேற்ற ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்தியர் இனி நினைத்தபோது கப்பலேறி ரங்கூனில் இறங்க முடியாது, அனுமதி வேண்டும் என்பது அதன் சாரம். இங்கே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அந்தச் சண்டை தீருவதற்குள் டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூன் மீது ஜப்பான் குண்டு போட்டது. லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் காட்டில் நடந்து வந்தார்கள். அந்தப் பாதையில் யாரும் சீட்டுக் கேட்கவில்லை.

போருக்குப் பின்னால்தான் கதவுகள் உண்மையாகச் சாத்தப்பட்டன, அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக. பர்மா 1947ல் குடிவரவு அவசரச் சட்டம் போட்டது. இலங்கையின் குடிவரவு–குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. மலாயா 1952ல் சட்டம் இயற்றி 1953 ஆகஸ்டு முதல் அமல்படுத்தியது. ஆறே ஆண்டுகளில் மூன்று கடைவீதிகளும் வெளிநாடாகிவிட்டன.

அங்கே ஏற்கெனவே கடை வைத்திருந்தவருக்கு இப்போது புதுக் கவலை. போவதைப் பற்றியல்ல, ஊருக்கு வந்துவிட்டு மறுபடி உள்ளே போவதைப் பற்றி. கோலாலம்பூரிலிருந்து மகள் கல்யாணத்துக்குக் கிளம்பும் முன் மறுநுழைவு அனுமதி வாங்கிப் புத்தகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அதில் கெடுத் தேதி இருக்கும். இலங்கையில் தற்காலிக வசிப்பிட அனுமதி, அதற்கும் கெடு. கல்யாணம் தள்ளிப்போகலாம், அப்பத்தா படுக்கையில் விழலாம், சொத்து வழக்கு வாய்தா மேல் வாய்தா வாங்கலாம். தேதி மட்டும் நகராது. இந்தப் பக்கமும் சும்மா இல்லை. கப்பல் டிக்கெட்டுக்கு ரிசர்வ் வங்கியின் பி-ஃபாரம், வருமான வரி பாக்கி இல்லை என்ற சான்று என்று வேறு தாள்கள் சேர்ந்துகொண்டன. பாஸ்போர்ட்டின் பக்கங்கள் பேரேடு மாதிரி ஆயின: வெளியேறிய நாள் பற்று, நுழைந்த நாள் வரவு, இரண்டுக்கும் நடுவே நிலுவை நாட்கள்.

இங்கேதான் செட்டிநாட்டு வீடு கதைக்குள் வருகிறது. இலங்கையில் 1949ல் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர்களுக்கான குடியுரிமைச் சட்டம் வந்தது. குடியுரிமை கேட்பவர் இடைவிடாமல் பல ஆண்டுகள் இலங்கையில் குடியிருந்திருக்க வேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். மணமானவர் என்றால் மனைவியும் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். மூன்று வருஷம் கணக்குப் பார்த்துவிட்டு ஊரில் ஆற அமர இருந்து, மனைவியை வளவு வீட்டில் விட்டுவிட்டுப் போகும் சமூகத்துக்கு இதைவிடப் பொருந்தாத விதியை எழுதவே முடியாது. தலைமுறை தலைமுறையாகச் செட்டியார் தெருவில் கடை வைத்திருந்தவரை, ‘உங்கள் வீடு எங்கே?’ என்ற ஒரு கேள்வி மடக்கிவிட்டது.

அதே கேள்வியை இந்திய வரி அதிகாரியும் கேட்டார், ஆனால் எதிர்த்திசையில். 1939ல் திருத்தப்பட்ட வருமான வரிச் சட்டப்படி, ஆண்டில் 182 நாள் இங்கே இருந்தவர் இங்கு வசிப்பவர். அது நியாயம். கூடவே இன்னொரு விதியும் இருந்தது: ஒருவருக்காக 182 நாளாவது இங்கே ஒரு வீடு பராமரிக்கப்பட்டு, அந்த ஆண்டில் அவர் எப்போதாவது வந்து தலைகாட்டினாலும் போதும், வசிப்பவரே. வசிப்பவர் என்றால் அக்கரை வருமானமும் வரிக்கணக்கில் வரும். காரைக்குடியில் அரண்மனை போல வீடு கட்டிவைத்துவிட்டு அதைப் பராமரிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்த இராயவரம், கோனாபட்டுக்காரர்கள் அந்த வகையில் கொடுத்துவைத்தவர்கள். அன்று சமஸ்தானம் பிரிட்டிஷ் இந்தியா அல்ல.

உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு இருக்கிறது. வி.வி.ஆர்.என்.எம். சுப்பையா செட்டியார் எதிர் வருமான வரி ஆணையர். தீர்ப்பு 1950 டிசம்பர். அவர் மனைவி மக்களோடு கொழும்பில் வசித்தவர், தொழிலும் அங்கே. இந்தியாவில் ஒரு வீடு, கொஞ்சம் நிலம், வன்னிவேலம்பட்டியிலும் வத்தலக்குண்டிலும் இருந்த இரண்டு நிறுவனங்களில் பங்கு. 1941–42 கணக்காண்டில் ஏழு தடவை இந்தியா வந்தார். மொத்தம் 101 நாள் தங்கினார். 182க்கு வெகு தூரம். ஆனால் வழக்கு அவரைப் பற்றியதல்ல, அவர் கர்த்தாவாக இருந்த கூட்டுக் குடும்பத்தைப் பற்றியது. குடும்ப விவகாரங்களின் கட்டுப்பாடும் நிர்வாகமும் முழுக்க வெளிநாட்டிலேயே இருந்தன என்று காட்டினால் ஒழிய அந்தக் குடும்பம் இங்கு வசிப்பதாகவே சட்டம் கொள்ளும். வந்த நாட்களில் நில வழக்குகளைக் கவனித்தார், வரி விசாரணைக்குப் போனார், கூட்டு வியாபாரமும் தொடங்கினார். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வந்து போனவர் அல்ல. குடும்பம் தோற்றது. நாட்களைச் சரியாக எண்ணியும் கணக்குத் தவறலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எத்தனை நாள் தங்கினோம் என்பதோடு அந்த நாட்களில் என்ன செய்தோம் என்பதும் கணக்கில் சேரும். சுற்றுலா விசாவில் போய் மருமகன் கடையில் கல்லாவில் உட்காருபவர்களுக்கு இன்றும் அதே பாடம்தான்.

1964 இந்தக் கதையில் கெட்ட வருஷம். பர்மாவில் நே வின் அரசு கடைகளை நாட்டுடைமையாக்கி, மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகளையும் செல்லாது என்று அறிவித்தது. கப்பல் கப்பலாகத் தமிழர்கள் சென்னைக்குத் திரும்பினார்கள், திரும்பிப் போகும் முத்திரை இல்லாமல். அக்டோபரில், இலங்கையில் குடியுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளியினரை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். டிசம்பர் 22 இரவு புயலில் தனுஷ்கோடி போயிற்று. ரயிலும் கப்பலுமாகக் கொழும்புக்குப் போகும் போட் மெயில் பாதையும் அதோடு போயிற்று. மலேசியாவில் 1968–69ல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பலர் ‘ரஜூலா’வில் ஏறினார்கள். 1926ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்கு அருகில் ஓடியது. அதன் இடத்தை எடுத்துக்கொண்ட ‘எம்.வி. சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு கப்பல் பயணம் முடிந்தது.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு உரிமை என்ற அந்தஸ்து வந்ததும் இந்த இடைவெளியில்தான். 1967 வரை அதைக் கொடுப்பதும் மறுப்பதும் அரசின் இஷ்டம். சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளிநாடு போவது தனிமனித சுதந்திரத்தின் பகுதி, சட்டம் இல்லாமல் தடுக்க முடியாது என்றது. அதே ஆண்டில் பாஸ்போர்ட்டுச் சட்டம் வந்தது. வழக்கில் எதிர்த்தரப்பாகப் பெயர் பொறிக்கப்பட்டவர் ராமரத்தினம் என்ற உதவிப் பாஸ்போர்ட் அதிகாரி. டில்லி அலுவலகத்தில் கோப்பில் கையெழுத்துப் போட்டதற்கு சட்டப் புத்தகங்களில் அழியாப் பெயர்.

இன்றைக்கு வருவோம். இப்போது கொண்டுவிக்கப் போகிறவர் குறைவு. பேறுகாலம் பார்க்கப் போகிறவர்களும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களும்தான் அதிகம். கையில் அமெரிக்காவின் பத்து வருஷ விசா. அதில் போட்டிருக்கும் கடைசித் தேதிவரை அங்கே இருக்கலாம் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களை இன்றும் பார்க்கலாம். அந்தத் தேதி கதவைத் தட்டும் தகுதிக்கான தேதி. உள்ளே எவ்வளவு நாள் என்பதை விமான நிலையத்து அதிகாரிதான் தீர்மானிக்கிறார். வழக்கமாக ஆறு மாதம். அது ஐ-94 என்ற மின்பதிவில் இருக்கும், இறங்கியதும் பார்த்துக்கொள்ள வேண்டும். தங்கும் கெடுவைத் தாண்டி 180 நாளுக்கு மேல் இருந்துவிட்டு வெளியேறினால் மூன்று வருஷம் தடை, ஒரு வருஷம் தாண்டினால் பத்து வருஷம். ஆறு மாதம் இருந்து, ஒரு மாதம் ஊரில் தலைகாட்டி, மறுபடி போய் இறங்குவதை எந்தச் சட்டமும் வெளிப்படையாகத் தடுக்கவில்லை. ஆனால் அந்த அதிகாரி முகத்தைப் பார்ப்பார், பக்கங்களைப் புரட்டுவார், ‘நீங்கள் குடியிருப்பது எங்கே?’ என்பார். ஒரு முறை அங்கே இருந்த அளவாவது அடுத்த முறைக்கு முன் ஊரில் இருப்பது நல்லது என்பது என் கருத்து.

ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவில் முகம் பார்க்கும் வேலைக்கு முன்பே எண்கள் பேசிவிடும். எந்த 180 நாளை எடுத்தாலும் உள்ளே இருந்தது 90 நாளைத் தாண்டக்கூடாது. நுழைந்த நாளும் வெளியேறிய நாளும் சேர்த்தி. அந்த 180 ஜனவரியில் தொடங்கி ஜூனில் முடிகிற சட்டகம் அல்ல, நாளுக்கு நாள் நகர்வது. 2025 ஜனவரி 10 முதல் மார்ச் 10 வரை ஜெர்மனியில் மகன் வீட்டில் இருந்தால் 60 நாள் போயிற்று. ஜூன் 1ஆம் தேதி மறுபடி போய் 30ஆம் தேதி வரை இருந்தால் 90 தீர்ந்தது. ஜூலை 1 முதல் 8 வரை அங்கே ஒரு நாள்கூட நிற்க முடியாது. 9ஆம் தேதி ஜனவரி 10 பின்னால் உதிர்ந்துவிடுகிறது, ஒரு நாள் கிடைக்கிறது. அடுத்த நாள் இன்னொன்று. அப்படியே செப்டம்பர் 6 வரை அறுபது நாள் இருக்கலாம். இவ்வளவும் காகிதமும் பென்சிலும் இருந்தால் போடக்கூடிய கணக்கு. பெட்டியடிப் பையனே போட்டிருப்பான்.

பக்கத்து நாடுகள் மறுபடி இளகியிருக்கின்றன. சிங்கப்பூர் பலமுறை விசா இரண்டு வருஷம் வரை கொடுக்கிறது, ஒவ்வொரு முறையும் தங்க 30 நாள் வரை. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களை 30 நாளுக்கு விசா இல்லாமலே விடுகிறது. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம் இருப்பதால், பினாங்குத் தண்ணீர்மலைக் கோயில் தைப்பூசத்துக்குப் போய் வருவது பழனி நடைபயணத்தைவிட எளிது. ரங்கூனுக்கு மட்டும் மின் விசாவில் 28 நாள், ஒரே நுழைவு.

அமெரிக்க விசாவுக்குச் சென்னையில் நேர்காணல். அங்கே 214-பி என்ற பிரிவு ஆட்சி செய்கிறது: விண்ணப்பிப்பவர் திரும்பி வரமாட்டார் என்றே அதிகாரி எண்ணித் தொடங்குவார், வருவேன் என்று காட்டுவது நம் பொறுப்பு. இலங்கையில் எதிர்சாட்சியாகவும் வரி வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சியாகவும் நின்ற வீடு, இந்த ஓர் இடத்தில் நமக்காகப் பேச வேண்டும். ஆனால் பட்டா கொள்ளுத்தாத்தா பெயரில் இருக்கும், பங்கு முப்பத்திரண்டில் ஒன்றாக இருக்கும், சாவி தேவகோட்டையில் யாரிடமோ இருக்கும். முப்பத்திரண்டில் ஒரு பங்கை மூன்று நிமிஷ நேர்காணலில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஓய்வூதியம், வரித்தாக்கல், ஊரில் பார்க்க வேண்டிய பொறுப்பு, எத்தனை நாளில் திரும்புவேன் என்ற தெளிவான பதில் இவை பேசும். எல்லாவற்றையும்விடப் பலமாகப் பேசுவது, முன்பு போய்ச் சொன்ன நாளுக்குள் திரும்பிய பதிவு. ஐரோப்பியர் 2024 ஏப்ரலில் இதை இந்தியர்களுக்கு விதியாகவே எழுதிவிட்டார்கள்: மூன்று வருஷத்துக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு இரண்டு வருஷப் பலமுறை விசா, அதன்பின் ஐந்து வருஷம், பாஸ்போர்ட்டில் அவ்வளவு காலம் மீதி இருந்தால்.

ஆகவே பாஸ்போர்ட் காலாவதியானால் பழையதைப் பரணில் போட்டுவிடக் கூடாது. மதுரை மண்டல அலுவலகம் புதிது கொடுக்கும்போது பழையதன் மூலையை வெட்டித் திருப்பித் தரும். உள்ளே இருக்கும் அமெரிக்க விசா வெட்டுப்படாமல் இருந்தால் அதன் தேதிவரை செல்லும். விமானம் ஏறும்போது இரண்டு புத்தகங்களையும் ரப்பர் பாண்டு போட்டு ஒன்றாகக் கொண்டுபோக வேண்டியதுதான்.